இன்றைய சிந்தனை: மூக்கைத் தாழ்த்து

திண்டுக்கல் சமவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சிறுமலை உச்சி எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உயரம் போன பிறகுதான் சிறிய விமானத்தில் ‘பவர்-ஆன் ஸ்டால்’ பழக்குவார்கள்.

இன்ஜின் முழு பலத்தில் ஓடும். மாணவர் விமானத்தின் மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போக வேண்டும். வேகம் குறையும், எச்சரிக்கை ஹாரன் அலறும், விமானம் நடுங்கும். இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது, இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்துவிடும். தூக்கும் விசை சரிந்து மூக்கு கவிழும். சில நேரம் ஒரு பக்க இறக்கையும் சாயும். இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது.

மீள்வதற்கு முதல் வேலை, பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துவது. சாய்வை வாலிலுள்ள சுக்கானால் (ரட்டர்) அடக்கி, வேகம் திரும்பியதும் மறுபடி ஏறலாம். ஆனால் கண்ணெதிரே தரை தெரியும்போது கை தானாகப் பின்னால்தான் இழுக்கும். அந்தக் கையைத் திருத்தத்தான் இத்தனை பயிற்சி.

திருந்தாத கை என்ன செய்யும் என்பதற்கு 2009 ஜூன் 1 அன்று நடந்த விபத்தே சாட்சி. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் காட்டும் கருவிகளைப் பனி அடைத்தது. தானியங்கி விலகியதும் விமானி மூக்கைத் தூக்கினார். சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து கடல் வரை, ஏறக்குறைய மூன்றரை நிமிடம், பெரும்பாலும் பிடியைப் பின்னால் இழுத்தபடியே விழுந்தார்கள். இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

சிறிய விமானத்துக்கு இந்த ஆபத்து அதிகம் வருவது தரையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில், நம் திண்டுக்கல் மலைக்கோட்டை உயரத்தில். அங்கே விழுந்து எழ இடமில்லை. அதனால்தான் சிறுமலை உயரத்தில் விழுந்து பழகுகிறார்கள்.

வாழ்க்கையிலும் இதே கதைதான். கடன்மேல் கடன் வாங்கி அடுத்த கிளை திறக்கும் கடைக்காரரிடமும், தூக்கத்தைத் தொலைத்துப் படிக்கும் மாணவரிடமும் உழைப்புக்குக் குறைவில்லை. ஏறும் கோணம்தான் தாங்க முடியாதது. ‘இன்னும் முக்கு’ என்று அவர்களிடம் சொல்வது தப்பான அறிவுரை.

வேகம் குறைவது தெரிந்தால், கையில் இருப்பு இருக்கும்போதே ஒரு படி இறங்குங்கள். இறங்கத் தெரிந்தவருக்குத்தான் மறுபடி ஏற வாய்ப்பு.