நதியற்ற நாட்டின் நீர்



ஜீவனோபாயம் தேடிப் பாலைவன தேசமொன்றுக்குப் போய்ச் சேரும் நம்மவர், ஊரிலுள்ள பெற்றோருக்கு முதன்முதலில் சொல்லும் செய்தி பெரும்பாலும் வெயிலைப் பற்றியதாகவே இருக்கும். அது இயல்புதான்; குவைத் நாட்டின் மித்ரிபா என்னுமிடத்தில் 2016ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி பதிவான 53.9 டிகிரி உஷ்ணத்தை, ஆசியாக் கண்டத்தில் அதுவரை அளந்தறிந்தவற்றுள் மிக உயர்ந்ததென்று உலக வானிலை அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும், அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்த புதிதில் என் மனத்தை வெயிலைக் காட்டிலும் ஆழமாகத் தொட்டது தண்ணீர்தான்.

கோடைகாலத்தில் அங்கே குளிக்கப் போகிற புதியவர், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டிய மாத்திரத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த நீர் கைபொறுக்காத சூட்டுடன் கொட்டும். பழகியவர்களோ, கோடை பிறந்ததுமே ஹீட்டரின் மின்விசையை அணைத்து வைத்துவிடுகிறார்கள். ஏ.சி. ஓடும் வீட்டுக்குள்ளே இருக்கும் அந்தக் கலத்தில் நீர் மெல்ல ஆறிவிடுவதால், வெந்நீருக்கென்று அமைத்த குழாயில் பச்சைத் தண்ணீரும், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீருமாக, எல்லாம் தலைகீழாக வந்துகொண்டிருக்கும்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறதென்று விசாரிக்கத் தொடங்கிய பிறகே அந்தத் தேசம் எனக்குப் புரியலாயிற்று. குவைத்தில் வற்றாத நதியென்று ஒன்றுகூட இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 110 மில்லிமீட்டர்தான். 1946இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்குவதற்கு முந்திய காலத்தில், ஷத்துல் அரபு நதியின் நன்னீரைப் பாய்மரக் கலங்களில் கடல்வழியே ஏற்றிவந்து, கழுதை முதுகிலும் மனிதர் தோளிலும் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். 1950களின் தொடக்கத்தில்தான் சமுத்திர ஜலத்தைக் குடிநீராக்கும் பெரிய நிலையங்கள் எழத் தொடங்கின. மின் நிலையங்களை ஒட்டியமைந்த அவற்றுள் பலவற்றில், நீராவியால் சூடேற்றிய கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைகளின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்த, ஒவ்வோர் அறையிலும் ஒரு பகுதி ஆவியாக எழும்பிக் குளிர்ந்த குழாய்களின்மேல் படிந்து நன்னீராகச் சொட்ட, உப்பெல்லாம் எஞ்சிய நீரோடு போய்விடுகிறது. அப்படிக் கிடைக்கும் நீர் சுவையற்றது. ஆகையால் நிலத்தடியிலிருந்து எடுத்த உவர்நீரைச் சிறிதளவு அதில் கலந்து, உடம்புக்கு வேண்டிய தாதுக்களைச் சேர்க்கிறார்கள். 1979இல் திறக்கப்பட்ட குவைத் கோபுரங்களைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பாதவர் அரிது. அவற்றின் பெரிய நீலக் கோளங்களுக்குள் நகரத்தின் குடிநீர் தேங்கி நிற்கிறதென்பதை அனுப்புகிறவர்களிலேயே பலர் அறியார்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவில் விதிக்கப்படவில்லை. ஏ.சி. அலுவலகத்தில் கம்பளிச் சட்டை தேடுகிறவருக்கும், சாலையோரத்தில் பள்ளம் தோண்டுகிறவருக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர்தான் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 4 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கலாகாதென்று அங்கே விதியுண்டு. கருணை பொருந்திய விதி அது. எனினும் மே மாதத்து வெயிலும் செப்டம்பர் வெயிலும் உடம்பை வாட்டுவதில் குறைந்தவை அல்லவாதலால், மாதக் கணக்கை விட்டு உஷ்ணத்தின் அளவையே பிரமாணமாகக் கொண்டு அதை நீட்டித்தல் நியாயமென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அத்தகைய வெயிலில் தெருவில் நடக்கிறவனுக்கு அங்கே ஓர் ஆறுதல் உண்டு. மசூதி வாசல்களிலும், எத்தனையோ வீடுகளின் வெளிச்சுவர்களை ஒட்டியும், குளிர்ந்த நீர் வழங்கும் எவர்சில்வர்ப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். சபீல் என்று வழங்கும் இந்தத் தர்மத்தை, மறைந்த தாய் தந்தையரின் பெயரால் செய்துவைப்போர் பலர். குப்பை அள்ளும் தொழிலாளியும், காவலாளியும், வழி தெரியாமல் அலையும் புதியவனும் யாரையும் கேளாமல் பருகலாம். எந்த நாட்டான், எந்த மதத்தான் என்று வினவுவார் இல்லை. பருகுகிறவனுக்கும் அது யார் நினைவாக வைத்ததென்று தெரிவதில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் நம்முடைய மரபில் வளர்ந்தவர்களுக்கு இதன் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்மவர் கிணற்றிலும் ஆற்றிலும் ஊறுவதை மொண்டு கொடுக்கிறார்கள்; அவர்களோ, எரிபொருளைச் செலவிட்டுச் சமுத்திரத்திலிருந்து பிரித்தெடுத்த நீரை, மின்சாரம் செலவிட்டுக் குளிரவும் வைத்து, பெயர் தெரியாத அந்நியனுக்காக இரவும் பகலும் வாசலில் வைத்திருக்கிறார்கள்; அந்தக் கொடையை நான் ஒரு படி உயர்ந்ததாகவே மதிக்கிறேன்.