மூங்கில் கோலின் இரு முனைகள்

தை மாத விசாகம் திருநீலகண்ட நாயனாரின் குருபூஜை நாள். பெரியபுராணத்தில் தில்லைவாழ் அந்தணர்களுக்கு அடுத்தபடியாகச் சேக்கிழார் பெருமான் பாடுவது இவருடைய வரலாற்றைத்தான். அரசர்களும் போர்வீரர்களும் நிறைந்த அந்தப் பெருநூலின் தொடக்கத்திலேயே ஒரு குயவர் வீட்டுக் கணவன் மனைவி பிணக்கு வந்து நிற்கிறது. அன்பர்களே, அதை மேலோட்டமாகக் கேட்டுவிட்டுப் போய்விடலாகாது.

தில்லை என்னும் சிதம்பரத்தில் மண்பாண்டம் வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்து வாழ்ந்தவர் நாயனார். நஞ்சுண்ட இறைவனின் கண்டத்தை நினைந்து ‘திருநீலகண்டம்’ என்று இடையறாது சொல்லி வந்தவர். இளமை வேகத்தில் ஒருநாள் பரத்தை வீட்டுக்குப் போய் வந்தார். மனைவியாருக்கு அது தெரிந்துவிட்டது. அம்மையார் கூச்சலிடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. இல்லறக் கடமைகள் அனைத்தையும் வழக்கம்போலச் செய்தார். கணவர் நெருங்கி வந்தபோது மட்டும், திருநீலகண்டத்தின் மேல் ஆணை வைத்து, தம்மைத் தொடக்கூடாது என்றார்.

உயிரினும் மேலான பெயரின் மேல் வைத்த ஆணை. நாயனார் அந்தக் கணமே விலகினார். அம்மையாரை மட்டுமல்ல, வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என உறுதி பூண்டார். ஒரே வீட்டில் ஆண்டுகள் பல உருண்டன. இளமை போய் முதுமை வந்தது. அயலார் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

இருவருமே உத்தமர்கள். அவர் ஆணையை மீறவில்லை, அவர் மனைவி கடமையில் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தக் காயத்தைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டதாகப் புராணத்தில் ஓரிடத்திலும் இல்லை. சண்டை சத்தம் கேட்காத வீடு என்று தெருவே மெச்சியிருக்கும். அந்த அமைதிக்குள் எவ்வளவு பெரிய இடைவெளி இருந்தது!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜான் காட்மன் என்ற உளவியலாளர், தம்பதிகளுக்குள் வரும் இத்தகைய இடைவெளியை ஆராய, 1986-இல் ஒரு குடியிருப்பையே ஆய்வுக்கூடமாக அமைத்தார். தம்பதிகள் அங்கே தங்கிப் பேசினார்கள், வாதாடினார்கள். கேமராக்கள் முகத்தைப் பதிவு செய்தன. கருவிகள் இதயத் துடிப்பை அளந்தன. தம்பதிகளுக்குள் வரும் பூசல்களில் ஏறத்தாழ 69 சதவீதம் என்றுமே முழுதாகத் தீராதவை என்று அவர் கண்டார். பணம், மாமனார் மாமியார், பிள்ளை வளர்ப்பு, சுபாவம் என்று அதே விஷயங்கள் வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப வரும். நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். பூசலுக்கு நடுவிலும் ஒரு கசப்புச் சொல்லுக்கு ஐந்து இதமான சொற்களோ செயல்களோ அவர்களிடம் இருந்தன என்பதுதான் வேறுபாடு.

குடும்பத்தைக் குலைக்கும் பழக்கங்கள் என்று அவர் நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தன் தவறை ஏற்காமல் சாக்குச் சொல்வது, வாயை மூடிக்கொண்டு சுவராகிவிடுவது. இவற்றில் இளக்காரம்தான் கொடியது. சுவராகிவிடுகிறவரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வெளியே கல்லாக உட்கார்ந்திருப்பார். உள்ளே இதயம் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதைப் பொறுமை என்று எண்ணிக்கொள்வார்.

இனி தில்லைக்கு வருவோம். சிவபெருமான் சிவயோகியாக வந்தார். ஒரு திருவோட்டை நாயனாரிடம் கொடுத்து வைத்தார். அதைத் தாமே மறைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். தேடியும் கிடைக்கவில்லை. புதிய ஓடு தருகிறேன் என்றார் நாயனார். யோகி ஒப்பவில்லை. திருடவில்லை என்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். வழக்கு தில்லை அந்தணர் அவைக்குப் போனது. அவையும் அப்படியே செய்யச் சொன்னது.

திருப்புலீச்சரம் என்ற கோயிலின் முன்னுள்ள குளத்தில் முதியவர்கள் இருவரும் இறங்கினார்கள். ஒரு மூங்கில் கோலின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அம்மையார் பிடித்தார். இத்தனை ஆண்டுகள் வீட்டுக்குள் மறைந்திருந்த இடைவெளி, ஒரு கோலின் நீளமாக ஊரார் கண்முன் தெரிந்தது. கையைப் பிடி என்று யோகி மறுபடியும் வற்புறுத்தினார். வேறு வழியில்லை. நாயனார் நடந்ததை எல்லாம், தம் தவறு உட்பட, எல்லோரும் கேட்கச் சொன்னார். மனைவியைக் குற்றம் சாட்டவில்லை, தமக்குச் சாக்கும் தேடவில்லை. சொல்லி முடித்து மூழ்கினார்கள், இளமையோடு எழுந்தார்கள். சிதம்பரத்தில் அந்தக் கோயிலை இன்றும் இளமையாக்கினார் கோயில் என்றே அழைக்கிறார்கள். உண்மையைச் சொன்ன பிறகே இளமை வந்தது என்ற வரிசையை மனத்தில் வைக்க வேண்டும்.

கணவன் மனைவி பிணக்கின் இன்னொரு முகத்தைத் திருவரங்கத்தில் காணலாம். பங்குனித் திருவிழாவில் அங்குள்ள உற்சவரான நம்பெருமாள் உறையூர் சென்று, அவ்வூர்த் தாயாரான கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புவார். திருவரங்கத்து அரங்கநாயகித் தாயார் கோபம் கொண்டு கதவைச் சாத்திவிடுவார். பெருமாள் பக்கம் ஒரு கட்சி, தாயார் பக்கம் ஒரு கட்சியாக வாதம் நடக்கும். பூவும் பழமும் வெண்ணெயும் பெருமாள் மேல் வந்து விழும். பிரணய கலகம், மட்டையடி என்று அதற்குப் பெயர். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்வார். அதன் பிறகுதான், ஆண்டுக்கு ஒரே முறை, பங்குனி உத்திரத்தன்று இருவரும் ஒன்றாகச் சேர்த்தியில் எழுந்தருள்வார்கள். தாயாரின் கோபத்தை யாரும் அடக்கவில்லை. அது சபையில் பேசப்படுகிறது, பதில் சொல்லப்படுகிறது, அன்றைக்கே முடிகிறது.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கதைகளைச் சொல்லிப் பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்வது பாவம். அங்கே தேவை பாதுகாப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற உதவி எண் இருக்கிறது.

மற்ற வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோபம் தலைக்கேறினால், இருபது நிமிடம் கழித்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். உடம்பு தணிய அவ்வளவு நேரமாவது வேண்டும் என்கிறார் காட்மன். அந்த நேரத்தில் குற்றப்பட்டியல் தயாரிக்காமல் நாமஜபம் செய்யலாம். திரும்பி வந்து, ‘நீ எப்போதும் இப்படித்தான்’ என்று தொடங்காமல், ‘எனக்கு இது வலித்தது’ என்று தொடங்கலாம். இருவராலும் முடியவில்லை என்றால், இரண்டு பக்கமும் கேட்கக்கூடிய ஒரு பெரியவரையோ மனநல ஆலோசகரையோ தயங்காமல் நாடலாம். பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்துவிட்ட பெற்றோர்கள், அவர்கள் வீட்டில் சத்தமே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அடுத்த முறை போகும்போது இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, தீர்ப்புச் சொல்லாமல், அரைமணி நேரம் கேட்டுவிட்டு வரட்டும்.