ஒப்பாரிக்கு உரியவர் யார்?

புறநானூற்றின் 112ஆம் பாட்டு, பறம்பையும் தந்தையையும் இழந்த பின்னர் எழுந்த கையறுநிலைப் பாட்டாகும். அதனைப் பாடியோரின் இயற்பெயர் தொகையில் இல்லை. ‘பாரி மகளிர்’ என்ற குறிப்பே உண்டு. அங்கவை, சங்கவை என்பன பின்னைய வழக்கிலே வந்த பெயர்கள். இழக்கப்பட்டவன் பெயர் நிலைக்க, அழுதவர் பெயர் மறைந்தது. மலையகத்தின் லயத்து வாசலில் ஒப்புச் சொல்லி அழும் பெண்ணும் தன் பாட்டுக்கு உரிமை கோருவதில்லை. அவள் அழுவது போனவரைப் பெயர் சொல்லி நிறுத்துவதற்காகவே.

இம்மரபு ஒலிப்பதிவுக் கூடத்தினுள் நுழையும்போது என்ன நேர்கிறது? 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை ஆக்கத்தை மேற்கொண்டார். ஒப்பாரியின் இழுப்பும் ஹிப் ஹொப்பின் தாளமும் அதில் ஒன்றாயின. அதன் உட்பொருளாக அமைந்தது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகத்துக்குத் திரும்பியவர் அவர்.

‘திரும்பியவர்’ என்ற சொல்லைச் சற்று ஐயத்துடனேயே வழங்க வேண்டியுள்ளது. தமிழகத்துச் சிற்றூர்களில் ‘கண்டிச் சீமை’ எனப்பட்ட இம்மலைநாட்டிற் பிறந்தோர், முன்பின் கண்டறியாத ஊருக்கு எங்ஙனம் திரும்புவர்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அவர்களுள் எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதம் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயர் பெற்றது. உயிரோடிருப்போர் ஒருவருக்கொருவர் ஒப்பாரி வைத்த காட்சி அது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தனரெனினும், மேடையில் எழுந்த அவ்வழுகையின் பெரும்பகுதி புகையோடு போயிற்று.

மேனாட்டு இசையிலும் பிறர் துயரைக் கடன்பெறும் முறை உண்டு. பிரிஸ்டல் நகரத்துப் போர்ட்டிஸ்ஹெட் குழுவினர் 1994இல் வெளியிட்ட ‘குளோரி பொக்ஸ்’, ‘டிரிப் ஹொப்’ எனப்படும் மந்தகதி இசைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டின்மேல் அது கட்டப்பட்டது. ஆக்கியோர் வரிசையில் ஹேய்ஸின் பெயரும் இடம்பெற்றது. இசைத்தட்டுக்கு உரிமையாளர் உண்டு. லயத்துப் பெண்ணின் அழுகைக்கு இசைத்தட்டு ஏது?

எனவேதான் பின்னெழுந்த பிணக்கை வெறும் புகழ்ச்சண்டை எனத் தள்ளிவிட இயலாது. 2021 ஓகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவு இடம்பெறவில்லை. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே பாடல் ஒலித்தது. அவர் வெளிப்படையாகக் குறைபட்டார். இசையமைப்பாளரும் வெளிப்படையாக மறுமொழி கூறினார். மெட்டில் எவருக்கு எத்துணைப் பங்கு என்பதை வழக்கறிஞர் ஆராயட்டும். இங்கு நோக்கத்தக்கது வேறொன்று. பாரி மகளிர் விடயத்தில் அழுதவர் மறைந்து அழப்பட்டவர் நின்றார்; இங்கோ பாடியோர் பெயர்பற்றி உலகு வாதிட, அழப்பட்டவர் மறையும் நிலை வந்தது. பேரன் தன் பெயரைக் கேட்டபோது, அதன் பின்னே நின்ற பாட்டியின் பெயரையும் சேர்த்தே கேட்டான் எனக் கொள்ளுதல் தகும். பாடலின் உள்ளேயே வள்ளியம்மாளின் பெயர் வருகின்றது. ஒப்பாரியின் பழைய கடன் அவ்விடத்து இறுக்கப்பட்டுள்ளது.

துயரப் பாட்டுக்குக் கூட்டம் ஆடுவது தகாது என்போர் உளர். மரண வீட்டிலே தப்பொலிக்கு ஆடும் மக்களை அவர் அறியார் போலும். ஆட்டம் குற்றமன்று. ஆயினும் ஆடுவோர் வள்ளியம்மாள் என்ற பெயரைக் கேட்டபின், அவர் ஏன் கப்பலேறினார் என வினவுவரா? கண்டிப் புகையிரத மேடையில் நிற்போருள்ளும் அவ்வினாவை எழுப்புவோர் இன்று மிகச் சிலரே.