விளக்கமும் விலக்கமும்

மதுவைப் பற்றிக் குர்ஆன் ஒரே இடத்தில், ஒரே குரலில் பேசவில்லை. ஒரு வசனம் அதன் பயனைக் காட்டிலும் பாவத்தைப் பெரிதாகக் காண்கிறது. இன்னொன்று போதையோடு தொழுவதைத் தடுக்கிறது. பின்னர் வந்தது முற்றாக விலக்குகிறது. கடைசி வசனம் முந்தியவற்றின் சலுகையை நீக்கிவிட்டது என்பது, இவற்றைக் கால வரிசையில் அடுக்கி வாசித்தவர்கள் கண்ட முடிவு. அதற்குப் பின்னும் கூஃபாவின் ஆரம்பகால ஹனஃபி அறிஞர்கள் திராட்சை மதுவையும் பிற பானங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. ஆக, இன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றும் தடைக்குப் பின்னாலும் ஒரு விவாதத்தின் சரித்திரம் இருக்கிறது.

தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் இந்த இடத்தில்தான் கை வைத்தார். 2000இல் வந்த 'மைலாஞ்சி' கவிதைகளுக்கே ஊரில் எதிர்ப்பு இருந்தது. 2007இல் இஸ்லாமும் குடியும் பற்றி 'உயிர்மை'யில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. 2017இல் அவர் காலமானார்.

அவருடைய வாசிப்பு தவறானது என்று வாதிடலாம். அப்படியானால் அதற்குப் பதில் சரியான வாசிப்பு. ஊர்விலக்கம் வேறு தளத்தைச் சேர்ந்தது. பொதுவாக அதற்கு அர்த்தம், ஜமாஅத் சந்தா வாங்காது. வீட்டுக் கல்யாணத்தை நிக்காஹ் தப்தரில் ஏற்றாது. மரணித்தால் மையவாடியில் இடம் நிச்சயமில்லை. ஒரு வசனத்தின் அர்த்தம் பற்றிய கேள்விக்குக் கல்யாணத்தையும் கபரையும் கொண்டு பதில் சொல்லப்படுகிறது.

கெய்ரோவிலும் இதே தர்க்கம்தான். குர்ஆனை அதன் சரித்திரச் சூழலில் வைத்து வாசித்த நஸ்ர் அபூ ஸைதை 1995இல் நீதிமன்றம் மதம் துறந்தவர் என்று தீர்மானித்தது. எனவே முஸ்லிம் பெண்ணான மனைவியோடு அவர் மணம் செல்லாது என்றது. தம்பதியர் ஹாலந்துக்குப் போனார்கள். தான் முஸ்லிம் என்பதை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை.

தக்கலையிலேயே ஒரு முரண் உண்டு. பீர்முகமது அப்பாவின் ஞானப்பாடல்களை ஆண்டுதோறும் இரவு முழுக்கக் கூடிப் பாடும் ஊர் அது. தர்காவே கூடாது என்போர் பார்வையில் இதுவும் வழி தவறியதுதான். பாடுகிறவர்கள் தாங்கள் ஒரு விளக்கத்தின்மேல் நிற்பதாக நினைப்பதில்லை. தன்னுடையது மார்க்கம், அடுத்தவனுடையது விளக்கம்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு சிப்காட் தொழிலாளர்கள் வருகிறார்கள். பீகார், வங்காளம் என்று பல ஊர்க்காரர்கள். ஒரே வரிசையில் ஒருவர் தொப்புளுக்குக் கீழே கை கட்டுகிறார், இன்னொருவர் நெஞ்சில். ஒருவர் ஆமீனை உரக்கச் சொல்கிறார், பக்கத்திலிருப்பவர் மனத்துக்குள். குத்பாவின் அரபு பெரும்பாலோருக்குப் புரியாது. பயானின் தமிழ் வடக்கேயிருந்து வந்தவர்களுக்குப் புரியாது. தோளோடு தோள் நிற்கிறார்கள். கை கட்டும் இடத்தில் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசத்தை வசனத்தை வாசிக்கும் இடத்தில் ஏன் பொறுக்க முடிவதில்லை? கை கட்டுவதற்கு மத்ஹபின் முத்திரை இருக்கிறது. தனிமனிதனின் வாசிப்புக்கு யாருடைய முத்திரையும் இல்லை.

ஒரு சமூகம் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பது வலுவான வாதம். தாவூதி போஹ்ராக்கள் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்று, பம்பாய் மாகாணத்தின் மதவிலக்கத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. 2023இல் அந்தக் கேள்வி 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. சிறுபான்மையின் பயமும் பொய்யல்ல. உள்ளே எழும் கேள்வியை வெளியே ஆயுதமாக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த வாதங்கள் ஸ்தாபனத்தின் அதிகாரத்தை நியாயப்படுத்தலாமே தவிர, அதன் வாசிப்பைச் சரியாக்கிவிடாது.

சந்தேகப்படுகிறவனுக்கும் தாயின் சந்தூக்கைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஸ்தாபனத்துக்கு இது தெரியும். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் என் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்லுமுன் எனக்குச் சந்தா ரசீது நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு சொல்லும் பதிலுக்கு விசுவாசத்தின் மதிப்பு கிடையாது. விலக்கத்துக்குப் பயந்து எல்லோரும் ஆமோதிக்கும் ஊரில், நம்புகிறவன் யார், வாய் மூடியிருப்பவன் யார் என்பதை ஜமாஅத்தே அறிய முடியாமற் போகிறது.