யார் விழித்திருப்பது?

தலைச்சோலையில் ஒரு தோழியின் வீட்டில் டிசம்பர் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோம். காபிப் பழம் பறிக்கும் காலம். பொழுது சாய்ந்ததும் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி இறங்கிவிடும். ஆறு மணிக்கெல்லாம் திண்ணையை விட்டு எழுந்து அடுப்படியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அப்படியொரு மாலையில் என் இணையர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். கடற்படையில் இருந்த ஒருவரும் ஊடக வேலையை விட்ட அவர் மனைவியும் 2022இல் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, மகளோடு ‘ரீவா’ என்ற பாய்மரப் படகில் குடியேறிய கதை அது. மலேசியா, தாய்லாந்து என்று தீவு தீவாகப் போகிறார்கள். சின்னச் சின்னத் துறைமுக ஊர்களில் தங்குகிறார்கள். மகளின் படிப்பும் படகிலேயே. “நாமும் ஒருநாள் இப்படிக் கிளம்பிடணும்” என்றார் அவர்.

எனக்கு முதலில் தோன்றியது கடல் அல்ல. அவ்வளவு சிறிய இடத்தில் தோசைக்கல்லை எங்கே வைப்பது என்பதுதான். அந்தக் குடும்பத்துக்கும் இந்த எண்ணத்துக்கும் தொடர்பில்லை. இது என் தலைக்குள் இருக்கும் வீட்டிலிருந்து வந்தது.

தோட்டத்தில் பழம் பறிக்க வரும் அக்கா ஒருவரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்க்காதவர். காணொளியை முழுக்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏம்மா, நடுக்கடல்ல ராத்திரி போறப்போ யாரு முழிச்சிருப்பாங்க?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சாமையும் கேழ்வரகும் கதிர் பிடிக்கும் நாளில் பன்றிக்கும் காட்டெருமைக்கும் பயந்து பரண் போட்டுக் காவல் இருந்த குடும்பம் அவருடையது. ஒருவர் கண் அயர்ந்தால் ஒரு பருவத்துச் சோறு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கடலைப் பற்றி அன்று கேட்கப்பட்டவற்றில் அதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் புரிய சில மாதங்கள் ஆயின.

வகுப்பில் தொல்காப்பியம் நடத்தும்போது மாணவிகள் கட்டாயம் நின்று கேட்கும் நூற்பா ஒன்று உண்டு. அகத்திணையியலில் வருவது. கடல்வழிச் செலவு பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்பது அதன் பொருள். ‘முந்நீர்’ என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் வேறு பொருளும் கண்டிருக்கிறார்கள் என்றாலும், கடல் என்று கொள்வதுதான் பெரிதும் வழக்கில் நிற்கிறது. போர்ப் பாசறையிலும் மனைவிக்கு இடமில்லை என்று கற்பியல் சொல்கிறது. கடல் தாண்டுவது, போர் செய்வது இரண்டும் அவளுக்கு வெளியே.

அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது? நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அவன் போன திசையைப் பார்த்து அவள் கரையில் நிற்க வேண்டும். நிற்கும்போதும் அவள் சும்மா இருப்பதில்லை. காய வைத்த மீனைப் பறவைகள் கவராமல் காக்கிறாள். குறிஞ்சியிலும் இதே கதை. தினைப்புனத்தில் கிளி ஓட்டுபவள் அவள்தான். இரவில் பரண்மீது கானவன் இருப்பான். பகலில் கவணோடும் தட்டையோடும் அவள் இருப்பாள். தினை முற்றிக் கதிர் கொய்ததும் காவல் முடிந்தது என்று அவளை வீட்டுக்குள் வைப்பார்கள். அதற்கு இற்செறிப்பு என்று பெயர். காக்கும்வரை வெளியே இருக்கலாம், காவல் முடிந்ததும் அவளே காக்கப்படும் பொருளாகிவிடுவாள். கடலோரமானாலும் மலையானாலும் நம் இலக்கியத்தில் பெண் விழித்திருப்பவள். பயணம் போகிறவள் அல்ல.

இந்த விதி எப்போது தளர்ந்தது என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிக் குடியேற்றத்தில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் போக வேண்டும் என்று அரசே கணக்கு வைத்தது. பெண் கடல் கடக்கலாகாது என்று அப்போது எந்த இலக்கணமும் குறுக்கே நின்று தடுக்கவில்லை. உழைப்பு தேவைப்பட்ட இடத்துக்குப் பெண் போகலாம். தனக்காகப் போவதற்குத்தான் வழக்கம் இல்லை.

பெண்ணின் பெயர் மட்டும் தாராளமாகப் போய்வந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. அதை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அரபிக்கடலும் அட்லாண்டிக்கும் தாண்டி ஓட்டிச் சென்று 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் கடலோடிகளின் திறமைக்கு என்றும் சொல்லவேண்டிய சான்று அது. ராபின்சன் அதற்குத் தன் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். முன்பு சோறிடும் தெய்வத்தின் பெயர், பின்பு மனைவியின் பெயர். ஓட்டிச் சென்ற மாலுமிகளோ எல்லோரும் ஆண்கள்.

இனி குடும்பமாகவே கடலில் போன ஒருவரைப் பார்ப்போம். ஆன்னி பிராஸி என்ற ஆங்கிலப் பெண்மணி 1876 ஜூலையில் கணவரோடும் நான்கு குழந்தைகளோடும் ‘சன்பீம்’ என்ற சொந்தக் கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். தாஹிட்டி, ஹவாய், ஜப்பான், இலங்கை என்று போய் 1877 மே மாதம் ஊர் திரும்பினார். அவர் எழுதிய பயண நூல் பல பதிப்புகள் கண்டது. அந்நூலின் துணைத் தலைப்பு கப்பலைக் கடல்மீதான தங்கள் வீடு என்று குறிப்பிடுகிறது. 1887இல் இன்னொரு பயணத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து மொரிஷியஸ் நோக்கிப் போகும்போது நோயுற்று இறந்தார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

கடலில் வாழ்ந்து கடலிலேயே முடிந்த இந்தப் பெண்ணை நான் வியக்கிறேன். ஆனால் அந்தத் துணைத் தலைப்பில் என் மனம் நின்றுவிடுகிறது. வீட்டை விட்டுப் போவது ஒன்று, வீட்டையே எடுத்துக்கொண்டு போவது வேறொன்று. ஆன்னியால் எழுத முடிந்தது, ஏனென்றால் அந்தக் கப்பலில் குழந்தைகளைப் பார்க்கும் தாதியும் பணிப்பெண்களும் இருந்தார்கள். அவர்களும்தான் உலகைச் சுற்றி வந்தார்கள். அவர்கள் எழுதிய பயண நூல் என்று எதையும் நாம் படிப்பதில்லை.

இன்றைய சிறிய பாய்மரப் படகுகளில் அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் நேராக நிற்கும், குழம்பு கொட்டாது. நல்ல ஏற்பாடுதான். எல்லாம் ஆடும்போதும் ஆடாமல் இருக்க வேண்டியது எது என்று தீர்மானித்துவிட்டுத்தான் படகையே கட்டுகிறார்கள். குடும்பங்களும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. அங்கே அச்சில் தொங்குவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பெண் படகில் ஏறினாளா என்ற கேள்வி போதாது. அக்கா கேட்டதுதான் கேள்வி: யார் விழித்திருப்பது?

அதற்குக் கடலோடிகளிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஒரு நாளை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்தால் ஆறு காவல் முறைகள் வரும். இரண்டு அணிகள் மாறி மாறி நின்றால், ஆறு இரட்டைப்படை என்பதால் நள்ளிரவுக் காவல் தினமும் ஒரே அணியின் தலையில்தான் விழும். அதனால் மாலை 4 மணி முதல் 8 மணிவரை உள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக உடைத்தார்கள். முறைகள் ஏழாயின. நள்ளிரவு ஒருநாள் இவர்களுக்கு வந்தால் மறுநாள் அவர்களுக்கு வரும். யாருடைய பெருந்தன்மையையும் நம்பாத நீதி இது. கணக்கிலேயே அதைப் பொதித்துவிட்டார்கள்.

2024 அக்டோபர் 2 அன்று கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, 25,000 கடல்மைல்களுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று கரை திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் உறங்க மற்றவர் கண்காணிக்க வேண்டும். உறங்குபவர் மற்றவரை முழுதாக நம்ப வேண்டும். விழித்திருப்பவருக்கு உறங்குபவரின் உயிர் பொறுப்பு. சில மணி நேரத்தில் இடம் மாறும். இருவர் சேர்ந்து வாழ்வதற்கு இதைவிட நேர்மையான ஓர் ஒப்பந்தத்தை நான் அறியேன்.

குடும்பம் என்ன கப்பலா, அன்பு இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். என் அம்மாவே கேட்டார். நான் கவனித்தவரை, கணக்கு வேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் நன்றாக உறங்கி எழுந்தவர். என் அம்மா விதிவிலக்கு. அவர் உறங்காதவர். உறங்காமையைத் தன் அன்பின் அளவாகக் கொண்டவர். இரண்டாவது வகையோடு வாதாடுவதுதான் கடினம். அன்பு காரணமாக ஒருவர் விழித்திருக்கலாம். ஆனால் ஒருவரே எப்போதும் விழித்திருக்கும் வீட்டில் மற்றவர்களின் அன்பு சோதிக்கப்படுவதே இல்லை. முறை வைப்பது அன்புக்கு எதிரானது அல்ல. மற்றவர்களுக்கும் அன்பு செலுத்த வாய்ப்புக் கொடுப்பது.

முறை மட்டுமே நீதி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ட்ரூரோ’ போன்ற கப்பல்களிலும் மேல்தளத்தில் காவல் முறை தவறாமல் நடந்திருக்கும். கீழ்த்தளத்தில் கிடந்த பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. முறை யாருக்குள் சுழல்கிறது, அதற்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் நம் சமத்துவமும் மேல்தளத்துச் சமத்துவம்தான்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தைரியம் போய்விட்டது. இரவில் இரண்டு முறை எழுந்து கழிப்பறைக்குப் போகத் துணை வேண்டும். முதல் கூப்பிடலுக்கு எழுந்தவள் நான். பிறகு எல்லாக் கூப்பிடலுக்கும் நானே. “அவன எழுப்பாதம்மா, காலையில வேலைக்குப் போறவன்” என்பார் அத்தை. நானும் எட்டரைக்குக் கல்லூரியில் இருக்க வேண்டியவள் என்று சொல்ல நடுநிசியில் வாய் வராது. ஓர் ஆள் வைத்துக்கொள்ளேன் என்றார்கள் நண்பர்கள். சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் உறங்குவதற்காக இன்னொரு பெண் தினமும் விழித்திருந்தால், அவள் வீட்டில் அந்த இரவுகளை யார் காப்பது? சன்பீம் கப்பலின் தாதி என் நினைவுக்கு வந்தாள்.

ஒரு தாளில் கோடு போட்டு எழுதினேன்: ஓர் இரவு நான், ஓர் இரவு அவர். குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டினேன். அவர் மறுக்கவில்லை. உடனே ஒத்துக்கொண்டார். அவருடைய முதல் இரவில் அத்தை என் பெயரைத்தான் கூப்பிட்டார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவதில் அவருக்குக் கூச்சம். அதுவும் நியாயமான கூச்சம்தான். ஆனால் அந்தக் கூச்சத்தின் விலையை வாழ்நாள் முழுக்க மருமகள்களும் மகள்களுமே கட்டிவருகிறார்கள். அவர் எழுந்து போனார். நான் எழவில்லை. எழாமல் இருக்கப் படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவில்தான் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, என் முறை இல்லாதபோதும் நான் விழித்தே கிடந்தேன். கப்பலில் முறை முடிந்தவருக்கு உறக்கமும் கடமை. உறங்காமல் வருபவர் அடுத்த காவலில் எல்லோரையும் ஆபத்தில் தள்ளுவார். எனக்கு அந்தக் கடமையை யாரும் கற்றுத் தரவில்லை. இரண்டாவது, அந்தத் தாளை எழுதியவளும் நானே. முறை வைக்க வேண்டும் என்று நினைப்பது, கோடு போடுவது, யாருக்கு என்று நினைவூட்டுவது எல்லாம் விழித்திருப்பதில் சேர்ந்தவைதாம். அவை எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மாத முடிவில் தாளைக் கிழித்துவிட்டு வெற்றுத் தாளை ஒட்டினேன். இரண்டு நாள் அது வெறுமையாகவே இருந்தது. மூன்றாம் நாள் மாலை அவர் பேனா எடுத்துக் கோடு போட்டார். அத்தையிடம் போய், கூப்பிடும்போது யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் படுக்கும் முன் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அத்தை பதில் சொல்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டார்.

காலையில் காபி போடும்போது தாளைப் பார்த்தேன். 17ஆம் தேதி விடுபட்டிருந்தது. கை தானாகப் பேனாவை நோக்கிப் போனது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.