நாள் வரிசை

கல்லூரி திறக்க இன்னும் ஐந்து நாள். வேதியியல் துறை அறையில் நான்கு தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி, ஆறு நாள். வகுப்புக்கு 30 கட்டம். பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். அவற்றை மொழித் துறைகள் முடிவு செய்துவிட்டன. அடுத்து, இயற்பியல், விலங்கியல் மாணவர்களுக்கு நாங்கள் எடுக்கும் அல்லைடு வேதியியல். மிச்சக் கட்டங்களில்தான் எங்கள் பிள்ளைகள்.

செய்முறை வகுப்புக்கு மூன்று மணி சேர்ந்தாற்போல வேண்டும். உப்பைக் கரைத்து வடிகட்டிக்கொண்டிருக்கும் மாணவியிடம் மணி அடித்துவிட்டது, நாளைக்கு வா என்று சொல்ல முடியாது. இருப்பதோ ஒரே ஆய்வகம். அழித்து அழித்துத் தாள் சாம்பல் நிறமாகிவிட்டது.

கடைசி மணியை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் ஒரு துறையின் குணம் தெரிந்துவிடும். நான் சேர்ந்த காலத்தில் அது இளையவர்களுக்கே விழும். யாரும் கேட்டதில்லை. இப்போது இரண்டு நாள் கடைசி மணியை நான் எடுத்துக்கொள்கிறேன். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இரண்டு பேருந்து மாறி வருகிறார். அவருக்கு முதல் மணி போட்டால் தினமும் மூச்சிரைக்கத்தான் வகுப்புக்குள் நுழைவார். இன்னொருவருக்கு வீட்டில் கைக்குழந்தை. பல்கலைக்கழக மானியக் குழு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்கிறது. எந்த 16 என்பதைத் துறைதான் பார்க்க வேண்டும்.

*

எங்கள் கல்லூரியில் திங்கள், செவ்வாய் கிடையாது. முதல் நாள் வரிசை, இரண்டாம் நாள் வரிசை என்று ஆறு வரை போய்த் திரும்பும். மழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டால், அன்றைக்கு உரிய வரிசை அழியாமல் அடுத்த வேலை நாளில் வந்து நிற்கும். எந்தப் பாடமும் பட்டினி கிடக்காது. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நியாயமான மனிதர்.

வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது, "திங்கக்கிழமை என்ன ஆர்டர் மேம்?" என்று படிக்கட்டில் நின்று ஒரு பெண் கேட்பாள். சொன்னதும் முகம் மாறும். லேப் என்றால் வெள்ளை கோட் துவைக்க வேண்டும்.

*

மார்ச். இருப்புச் சரிபார்ப்பு. தாவரவியல் துறையிலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணுகிறார். பியூரெட், பிப்பெட், குடுவைகள். வெள்ளி நைட்ரேட்டின் பழுப்புப் புட்டியை ஆய்வக உதவியாளர் அலமாரியின் உள்ளிருந்து இரு கையாலும் எடுத்துத் தருகிறார். வெளிச்சம் படக்கூடாது, விலையும் அதிகம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய இரு தட்டுத் தராசுகளை இந்த ஆண்டு கண்டம் செய்ய வேண்டும். மின்னணுத் தராசு வந்த பிறகு அவற்றை யாரும் தொடுவதில்லை. மூச்சை அடக்கி, முள் நிற்கும் வரை காத்திருந்து எடை போட்டவள் நான். பட்டியலில் அவற்றின் எண்ணை எழுதிக் கையெழுத்திட நேரம் பிடித்தது.

உடைந்த பொருட்களுக்கென்று தனி நோட்டு ஒன்று உண்டு. தேதி, பொருள், உடைத்தவர் பெயர், தொகை. சிலர் பெயர் திரும்பத் திரும்ப வரும். கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பெண்ணின் பெயர் ஒரே பருவத்தில் நான்கு முறை வந்தது. கூப்பிட்டுக் கேட்டபோது, காலையில் சாப்பிடாமல் வருகிறாள், பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த நோட்டை மாதம் ஒருமுறை நானே படிக்கிறேன்.

*

தர மதிப்பீட்டுக்கான ஆண்டறிக்கை. ஏழு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் சான்று, புகைப்படம். செய்ய வேண்டியதுதான், செய்கிறோம்.

ஆனால் அந்தக் கோப்புக்கு அடியில் ஒரு தாள் நான்கு நாள் கிடந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி அறக்கட்டளை உதவித்தொகைக்காகக் கொடுத்த போனஃபைட் விண்ணப்பம். என் கையெழுத்தானால்தான் முதல்வர் அறைக்குப் போகும். கடைசித் தேதி கடந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. அவள், "பரவாயில்லைங்க மேம்" என்றாள். என்னால் பரவாயில்லை என்று விட முடியவில்லை. அவள் ஒருமுறைகூட வந்து நினைவூட்டவில்லை. வாசலில் நின்று, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள். துறைத்தலைவர் மேசையில் தாமதமாகும் கையெழுத்துக்கு வட்டி கட்டுவது எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்தான். மாணவர் தாள்களுக்கு இப்போது தனித் தட்டு வைத்திருக்கிறேன். மாலையில் அது காலியாகாமல் கிளம்புவதில்லை.

*

பருவத்துக்கு 90 வேலை நாள். 75 விழுக்காடு வருகை என்றால் 68 நாள் வர வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பவர்கள் காரணம் எழுதி, என் பரிந்துரை வாங்கி, கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம்.

இரண்டாம் ஆண்டுப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். ஆடியில் வகுப்பு நிறைந்திருக்கிறது. ஆவணி பிறந்ததும் ஏழெட்டுப் பையன்களின் வரிசையில் சிவப்பு மை. புரட்டாசியில் மறுபடி எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஐப்பசியில் மறுபடி சிவப்பு. சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு மை பெரும்பாலும் முகூர்த்த நாட்களில் விழுந்திருந்தது.

மறுநாள் ஒருவனைக் கூப்பிட்டேன். "கேட்டரிங்குக்குப் போறோம் மேம். நைட்டு பந்தி முடிய பதினொண்ணு ஆயிரும். காலையில நாலு மணிக்கு மறுபடி டிபன் பந்தி." ஒரு முகூர்த்தத்துக்கு 600 ரூபாய். மண்டபத்திலிருந்து நேராக வந்தால் முதல் இரண்டு மணி போய்விடும். பாதியில் வந்து திட்டு வாங்குவதற்கு வராமலே இருந்துவிடுகிறான். வருகைக் குறைவுக்குக் கட்டணம் கட்ட இன்னொரு முகூர்த்தத்துக்குப் போவான். இந்தச் சுழலைப் பதிவேட்டில் எத்தனை வருடம் நானே கையெழுத்துப் போட்டு நடத்தியிருக்கிறேன்?

விதி தவறு என்று நான் நினைக்கவில்லை. பியூரெட்டின் குழாயை மெல்லத் திருகி ஒற்றைச் சொட்டை நிறுத்தும் கை, வந்து பழகினால்தான் வாய்க்கும். 68 நாள் அதற்குக் குறைவு என்றுகூடச் சொல்வேன். ஆனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து, விட்டுப்போன செய்முறைகளைச் செய்துமுடிக்க வைப்பது எங்களால் முடிகிற காரியம். துறைக் கூட்டத்தில் சொன்னேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஆய்வக உதவியாளர், "சனிக்கிழமை சாவி என்கிட்ட இருக்கட்டும் மேடம்" என்றார்.

மாதிரி செய்முறைத் தேர்வுக்குத் தேதி குறித்துவிட்டோம். மூன்று நாளும் முகூர்த்தம் இல்லாத நாட்கள்.