தலையெழுத்தும் குறுக்குக் கம்பும்

2024 செப்டம்பர் 3 இரவு, பாரிஸ் ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் பாராலிம்பிக் ஆடவர் உயரம் தாண்டுதல் இறுதிச் சுற்று நடந்தது. நமக்கு அது நள்ளிரவை ஒட்டிய நேரம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். பிகாரைச் சேர்ந்த சரத் குமாருக்கு 1.88 மீட்டரில் வெள்ளி, அமெரிக்காவின் எஸ்ரா ஃபிரெச்சுக்கு 1.94 மீட்டரில் தங்கம். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டருக்குத் தங்கமும், 2021-இல் டோக்கியோவில் 1.86 மீட்டருக்கு வெள்ளியும் வாங்கிய மாரியப்பனுக்கு இது மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் அவருடைய வலது காலில் பேருந்துச் சக்கரம் ஏறியது. கால் நசுங்கியபோது ஒரு கிராமம் என்ன சொல்லியிருக்கும் என்று நமக்குத் தெரியும்: தலையெழுத்து. தங்கம் வந்தபோதும் அதே சொல்லைச் சொல்பவர்கள் உண்டு. இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே சொல்லால் விளக்க முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்பது என் எண்ணம். அப்படி விளக்கப் பார்ப்பது சமயத்துக்கும் பெருமை சேர்க்காது.

அந்தப் போட்டி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு கால் முழங்காலோடோ அதற்கு மேலோ துண்டிக்கப்பட்டு, செயற்கைக் காலோடு தாண்டுபவர்கள் டி63 பிரிவு. காலில் அதற்கு ஒப்பான குறைபாட்டுடன் செயற்கைக் கால் இல்லாமல் தாண்டுபவர்கள் டி42. இரு பிரிவினரும் ஒரே களத்தில் மோதுகிறார்கள். பிறப்பும் விபத்தும் நோயும் உடலுக்கு என்ன செய்தன என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே மருத்துவக் கண்ணோடு சோதித்து எழுதிவைத்துவிடுகிறார்கள். ஊழை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் இடம் வேறு எங்கும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒப்புக்கொண்ட கையோடு அதைக் களத்துக்கு வெளியே நிறுத்தியும் விடுகிறார்கள். ஏன் இப்படி நேர்ந்தது என்று கம்பு கேட்பதில்லை. இந்த உயரத்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று மட்டுமே கேட்கிறது. முதல் கேள்வி கடந்த காலத்தைப் பற்றியது, இரண்டாவது வரப்போவதைப் பற்றியது. தலையெழுத்து என்ற விடை முதல் கேள்விக்கு ஒருவேளை பொருந்தலாம். இரண்டாவதற்குப் பொருந்தவே பொருந்தாது. அரங்கில் இருப்பவர்களைப் பாருங்கள். தாண்டுபவர் கையை உயர்த்திக் கேட்டதும் ஒரே தாளத்தில் கைதட்டுகிறார்கள். முடிவு முன்பே எழுதப்பட்டதென்று உள்ளபடியே நம்புகிறவர் எதற்காகக் கைதட்ட வேண்டும்?

இது மேற்கிலிருந்து வந்த சிந்தனை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மாரியப்பனின் சொந்த மாவட்டத்துக்கு அண்டையிலேயே திருச்செங்கோடு இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூர் என்பது அதன் பழைய பெயர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கே தங்கியிருந்தபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது என்கிறது பெரியபுராணம். அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். முன்வினைக்கு இது பலன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, அதிலிருந்து மீளும் வழியை நாடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. வினைக்கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டி உட்காருவதைத்தான் கடிந்துகொள்கிறார். அவர் காட்டும் வழி நீலகண்டனின் திருவடி என்பது உண்மை. ஆனாலும் கைத்தொண்டும், சோலை வைப்பதும், குளம் வெட்டுவதும் அதே பதிகத்தில் பேசப்படுகின்றன. சுரத்துக்கு நடுவில், கொங்கு மண்ணில், விதிப்பேச்சுக்கு எதிராக எழுந்த குரல் அது. இன்றும் காய்ச்சலுக்கு அந்தப் பதிகத்தை ஓதுகிறவர்கள் அதன் முதல் கேள்வியையும் காதில் வாங்க வேண்டும்.

கொங்கு நாடு சமணமும் தழைத்த மண். விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊர் அது. எல்லாமே நியதிப்படி நடக்கிறது, முயற்சி என்று ஒன்றில்லை என்ற ஆசீவகரோடு சமணர் நெடுங்காலம் வாதிட்டனர். உவாசகதசாவோ என்ற பிராகிருத நூலில் ஆசீவகனான ஒரு குயவனிடம் மகாவீரர் பேசும் இடம் உண்டு. வெயிலில் காயும் உன் பானைகளை ஒருவன் உடைத்தாலோ திருடினாலோ என்ன செய்வாய் என்கிறார். அடிப்பேன் என்கிறான் குயவன். எல்லாம் நியதி என்றால் அவன் உடைக்கவும் இல்லை, நீ அடிக்கக் காரணமும் இல்லையே என்கிறார் மகாவீரர். பேருந்துச் சக்கரத்துக்கும் இந்த வாதத்தைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு குழந்தையின் கால் நசுங்கியதைத் தலையெழுத்து என்று சொல்லும்போதே, வண்டியை ஓட்டியவரும் பள்ளிக்குப் போகும் பாதையைப் பாதுகாக்காத எல்லோரும் சத்தமில்லாமல் விடுதலையாகிவிடுகிறார்கள்.

வெற்றியும் எழுதப்பட்டதுதானே என்று எதிர்வாதம் வரும். தாண்டினாலும் எழுத்து, இடறினாலும் எழுத்து என்றால், அந்தச் சொல் அடுத்த தாண்டலைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்று பொருள். நடந்தபிறகு ஒட்டும் முத்திரையாக மட்டுமே அது பயன்படும். திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பாடிவிட்டு, 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைத் தனியாக எழுதினார். முதல் அதிகாரமே போதுமென்று நினைத்திருந்தால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. முயற்சி மட்டுமா வென்றது? டோக்கியோ இறுதிச் சுற்றில் மழை வலுத்தது. பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து தாண்டுவது கடினமானது என்று மாரியப்பனே பிறகு சொன்னார். மழையை யாரால் பயிற்சி செய்ய முடியும்? வாய்ப்பும் சூழலும் பெரிய பங்கு வகிப்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தச் சூழல் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால், மழை போன்றவை கொஞ்சம், மீதியெல்லாம் மனிதர்கள். காய்கறி விற்று, கடன் வாங்கிச் சிகிச்சை பார்த்த தாய் ஒருவர். உயரம் தாண்டச் சொன்ன பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். பெங்களூருக்கு அழைத்துப்போய்ப் பழக்கிய பயிற்சியாளர் சத்தியநாராயணா. கெட்ட விதி என்று நாம் சொன்னது யாரோ ஒருவரின் கவனக்குறைவு. நல்ல விதி என்று சொல்வது இந்த மூவரின் உழைப்பு. ஒருவருக்கு ஊழாகத் தெரிவதில் பெரும்பகுதி மற்றவர் செய்த வினையே. வினைக்கொள்கைக்கு நான் காணும் ஆழமான பொருளும் இதுதான்: என் செயல் இன்னொருவருடைய தலையில் எழுத்தாக இறங்குகிறது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயம் உடற்கல்விக் கல்லூரி நடத்துவதை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். ஒரு விளையாட்டு ஆசிரியரை உருவாக்குவது, பார்த்திராத நூறு பிள்ளைகளின் எழுத்தில் கை வைப்பது.

இன்னொரு கவலையும் நியாயமானது. மாரியப்பனால் முடிந்ததே, உனக்கு ஏன் முடியவில்லை என்று மற்ற மாற்றுத்திறனாளிகளைக் குத்திக் காட்டுவதில் இந்தப் பேச்சு முடியாதா? முடியக்கூடும். அது கொடுமை. அந்தக் கொடுமைக்கு உயரம் தாண்டுதலே இடம் தருவதில்லை. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற்றம் என்பது முறை. ஆகவே வென்றவரும் பெரும்பாலும் தவறிய பிறகே களத்தை விட்டு வருகிறார். டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் பர்ஷிம், தம்பேரி என்ற இரு வீரர்கள் 2.37 மீட்டரைத் தாண்டி, 2.39 மீட்டரில் ஆளுக்கு மூன்று முறை கம்பைத் தட்டிவிட்டு, பிறகுதான் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கம்பு விழுந்தது அவர்களுடைய பாவத்தின் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளையின் நிலையை மட்டும் பாவக் கணக்காக்க நமக்கு என்ன உரிமை? மூவர் சேர்ந்தால்தான் ஒருவர் தாண்ட முடிகிறது என்றால், தாண்டாதவரைக் கேட்பதற்கு முன் அந்த மூவர் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும்.

கோயில் திருப்பணி என்றால் கொங்கு ஊர்கள் வீட்டுக்கு வீடு வரி போட்டுக் கூடிவிடும். அதே கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சாய்தளம் இருக்கிறதா, உயரம் தாண்டி விழ மெத்தை இருக்கிறதா, மாலையில் கூட நின்று பழக்க ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வரியிலேயே அதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.